ஒன்பது பேர் கட்சியில் ஓர் ஒற்றர்

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான் ஒருவாறு நலம். தங்கள் தங்கை என்னைவிடப் பல மடங்கு நலம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்று கை பழக்கத்தில் எழுதிவிட்டதே தவிர, இந்த ஒரு மாதமாக நான் யாரையும் எதையும் நம்புவதில்லை. இந்த உறையை இரண்டு முறை பசை போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கையெழுத்துக் கோடு நேராகச் சேராவிட்டால் வழியில் யாரோ பிரித்துப் படித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் மேற்கொண்டு படிக்காமல் உறையை மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பவும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் கட்சிக்கு இந்த ஆண்டோடு நாற்பது வயது முடிகிறது. அதன் வரலாற்றை ஒரு புத்தகமாக எழுதும் பொறுப்பைக் கட்சி என்னிடம் ஒப்படைத்தது. அச்சகத்தில் முப்பத்தோராண்டு பிழை திருத்தியவன், கட்சிக்குச் செயலாளர், வேறு யாரும் கை தூக்கவில்லை என்ற மூன்று தகுதிகள் எனக்கு இருந்தன. முதல் அத்தியாயம் தங்களைப் பற்றியதுதான். பதிவாளர் அலுவலகத்தில் நம் மொழிக்காரர்களின் பிள்ளைகள் பெயரைத் தன் வாய்க்கு வசதியாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவிடம், "பெத்தவன் வச்ச பேரை எழுத உனக்கு ஏன்யா கை வலிக்குது?" என்று தாங்கள் மேசையைக் குத்தியதும், மேசைக் கண்ணாடி உடைந்ததும், அன்று சாயங்காலமே மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினோரு பேர் கூடிக் கட்சி தொடங்கியதும் விவரமாக வந்திருக்கின்றன. இரண்டாம் அத்தியாயம் தேர்தல்கள். அது ஒன்றரைப் பக்கம். ஆறு தேர்தலில் நின்று ஒரே ஒரு தடவை நம் தையல்காரர் நான்கு ஓட்டு வித்தியாசத்தில் நகரசபைக்குப் போனார். ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் வந்த நாளில் யாருக்கோ கோட்டு அளவெடுக்கப் போயிருந்தார். மூன்றாம் அத்தியாயம் பிளவு. நாம் கட்சியா, இயக்கமா என்று சண்டை போட்டு மூன்று பேர் பிரிந்துபோனார்கள். அவர்களுக்கு வேறு இடம் கிடைக்காததால் அதே பின்னறையில் ஒரு திரையைக் கட்டி அந்தப் பக்கம் கூடினார்கள். இரண்டு வருஷம் நாங்கள் பேசுவதற்கு அவர்கள் அங்கிருந்து கைதட்டுவார்கள், பிறகு எதிரிக்குக் கைதட்டிவிட்டோமே என்று தங்களுக்குள்ளேயே கண்டனத் தீர்மானம் போடுவார்கள். கடைசியில் திரை கிழிந்தது, மறுபடி ஒன்றானோம்.

நான்காம் அத்தியாயம்தான் சிக்கல். அதன் தலைப்பு 'துரோகம்'. இருபத்தாறு பக்கம் எழுதி முடித்துவிட்டேன். துரோகி யார் என்பது மட்டும் பாக்கி. பழைய கூட்டக் குறிப்புகளைப் புரட்டப் புரட்ட எனக்கு ஒன்று உறைத்தது, மச்சான். நாம் எதைத் திட்டமிட்டாலும் அது முன்கூட்டியே போலீசுக்குத் தெரிந்திருக்கிறது. யாருக்கும் சொல்லாமல் நடத்திய நம் முதல் ஊர்வலத்தில், நாம் திரும்பவேண்டிய தெருமுனையில் ஒரு போலீஸ்காரர் முன்னமே நின்று, லாரிகளை நிறுத்தி நமக்கு வழிவிட்டாரே, நினைவிருக்கிறதா? எதிர்க்கட்சிக்கு வழிவிடும் போலீசை எந்த ஊரிலாவது கண்டதுண்டா? அன்று நாம் அதை நம் பலம் என்று நினைத்துப் பெருமைப்பட்டோம். எவ்வளவு பெரிய முட்டாள்கள்!

போன மாதம் நடந்ததைக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் நம் மொழி வகுப்பை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. பதினைந்து பிள்ளைகள் இருந்தால்தான் வகுப்பாம். இருப்பது பதினான்கு. ஊரில் நம் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கும் இடம் அது ஒன்றுதான். அதுவும் போனால் நான் எழுதும் இந்த வரலாற்றைப் படிப்பதற்கே ஆள் இருக்காது. உடனே கூடி, கல்வி அலுவலக வாசலில் திடீர் மறியல் என்று முடிவெடுத்தோம். பரம ரகசியம். கட்சியின் மொத்த உறுப்பினர்கள் ஒன்பது பேரும் தனித்தனி வழியாகப் போய்ச் சேர்ந்தோம். அங்கே வாசலில், வேப்பமர நிழலாகப் பார்த்து, ஒன்பது நாற்காலிகள் போட்டிருந்தன. பக்கத்தில் தண்ணீர்க் குடம். இன்ஸ்பெக்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். "வாங்கய்யா. ஒன்பது பேர்தானே? எண்ணித்தான் போட்டிருக்கோம்" என்கிறார், அவருடைய மொழியில். நம் தலைவர், அதான் பல் டாக்டர், முழங்கால் வலிக்காரர், ஒரு நொடிகூட யோசிக்காமல் உட்கார்ந்துவிட்டார். போலீஸ் போட்ட நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு போலீஸ் ஒழிக என்று எப்படிக் கத்துவது? இரண்டு மணிநேரம் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி உட்கார்ந்துவிட்டுத் திரும்பினோம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு சந்தேகப் பட்டியல் போட்டேன். ஐந்து பேரை உடனே நீக்கினேன். அவர்களில் மூவருக்குக் காது கேட்காது, இருவருக்குக் கேட்டது நிற்காது. ஒற்றனுக்கு இரண்டும் ஆகாது. மிச்சம் மூன்று பேர். தையல்காரர்: போலீஸ் சட்டைகளுக்கு அவர்தான் பொத்தான் தைக்கிறார். போட்டோக்காரர்: கூட்டப் படம் இரண்டு பிரதி போதும் என்றால் மூன்று போடுகிறார், மூன்றாவது யாருக்கு? பல் டாக்டர்: ஆளும் கட்சியில் பாதிப் பேருக்குப் பல் கட்டியவர். அடுத்தவன் வாயைத் திறக்க வைப்பதே அவருடைய பிழைப்பு. பல் பிடுங்கும் நாற்காலிப் பக்கத்தில் அவருடைய வாய் எவ்வளவு திறக்கிறது என்று யார் கண்டது? சொல்ல வெட்கமாக இருக்கிறது, தங்கள் பெயரையும் ஓரமாக எழுதி, வெளியூர் என்பதால் அடித்துவிட்டேன். பென்சிலால்தான் அடித்திருக்கிறேன்.

பிறகு ஒரு பொறி வைத்தேன். தையல்காரரைத் தனியே அழைத்து, வியாழக்கிழமை பத்து மணிக்கு ரயில் நிலையத்தில் மறியல் என்றேன். போட்டோக்காரரிடம் அதே நாள், அதே நேரம், நூலகம் என்றேன். டாக்டரிடம் கல்வி அலுவலகத்துக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி என்றேன். மூன்றும் பொய். போலீஸ் எங்கே வருகிறதோ அங்கே நிற்பவன்தான் துரோகி. யாரிடம் எதைச் சொன்னேன் என்பது குழம்பிவிடக் கூடாதே என்று ஒரு சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு முதலில் ரயில் நிலையம் போனேன். ஒன்பது நாற்காலி, போலீஸ், நடுநாயகமாகத் தையல்காரர்! அகப்பட்டாயா என்று மனசுக்குள் கறுவிக்கொண்டு, எதற்கும் பார்த்துவிடுவோம் என்று நூலகம் போனால், அங்கேயும் ஒன்பது நாற்காலி, அங்கேயும் போலீஸ், போட்டோக்காரர். எனக்கு வேர்த்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்கு மிதித்தேன். அங்கேயும் அப்படியே. ஆக மூன்று பேருமே துரோகிகள்; நான் ஒருவன்தான் கட்சி என்று முடிவுகட்டி சைக்கிளை ஸ்டாண்டு போட்ட பிறகுதான், நாற்காலிகளுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தேன். அந்தப் பதினான்கு பிள்ளைகளில் சிலரும் அவர்களுடைய தாய்மாரும், சலவைக்கூடத்துப் பெண்கள், பஸ் டிரைவர்கள், ஆஸ்பத்திரி நர்சுகள். எல்லாரும் நம்மவர்கள். "எங்களுக்கு அரசியல் வேணாங்க" என்று நாற்பது வருஷமாக நம் மூஞ்சியில் கதவைச் சாத்தியவர்கள். எண்பது பேருக்குக் குறையாது. யோசித்துப் பார்த்தால் மற்ற இரண்டு இடத்திலும் கூட்டம் நின்றது. நான்தான் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கல்வி அதிகாரி வெளியே ஓடிவந்தார். ரயில் நிலையத்திலிருந்தும் நூலகத்திலிருந்தும் அவருக்குப் போன் வந்திருக்கிறது. "ஊர் பூரா இருக்கீங்களாமே! இன்னும் எத்தனை இடத்துலய்யா உட்காரப் போறீங்க?" என்று டாக்டரைக் கேட்டார். மற்ற இரண்டு இடம் பற்றி டாக்டருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் எத்தனையோ வாய்க்குள் எதையெதையோ பார்த்தும் முகம் மாறாத மனுஷர் அல்லவா, நிதானமாகச் சொன்னார்: "இன்னும் ஆறு இடம் பாக்கி."

அரை மணியில் உத்தரவு கையெழுத்தாகி வந்துவிட்டது. பதினான்கு பேர் போதும், வகுப்பு தொடரும். ஒரு தாய் தன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். டிரைவர்கள் விசிலடித்தார்கள். நம் கட்சியின் போராட்ட வரலாற்றிலேயே முதல் வெற்றி, மச்சான். நான் மட்டும் இன்ஸ்பெக்டரை ஓரங்கட்டி, "உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உங்க வீட்டம்மாதான். எனக்கு முன்னாடி இருந்த இன்ஸ்பெக்டர் காலத்துல இருந்தே போன் பண்றாங்களாமே? நீங்க வெயில்ல விழுந்து வச்சா ஆம்புலன்ஸ், ரிப்போர்ட்டுன்னு எங்களுக்குத்தானே வேலை. அவங்க சொல்றது நியாயமாத்தான் இருக்கு."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். தங்கள் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்டேன். மறைக்கவேயில்லை!

"ஆமா, நான்தான். துவைக்கப் போட்ட சட்டையில சீட்டு இருந்துச்சு. மூணு இடம், பத்து மணின்னு. ஏங்க, ஒன்பது பேரு மூணு இடத்துக்கு எப்படிங்க பத்தும்? இடத்துக்கு மூணு பேரா நின்னா ஊரே சிரிக்காதா? அதான் நம்ம பொம்பளைங்ககிட்ட சொல்லிவிட்டேன்."

"போலீசுக்கும் சொன்னியா?"

"சொல்லாம? நாற்காலி யாரு போடுவா?"

"இது துரோகம்னு உனக்குத் தெரியலையா?"

"இத்தனை வருஷத்துல உங்க ஆளுங்க ஒருத்தராவது மயங்கி விழுந்திருக்காங்களா? அதைச் சொல்லுங்க முதல்ல."

"முதல் ஊர்வலம்? அப்போ எங்களுக்கெல்லாம் முப்பது வயசுகூட ஆகலையே!"

"அன்னைக்கு உங்களுக்குக் காய்ச்சல். சொன்னா கேட்டீங்களா? கொடியைப் பிடிச்சுக்கிட்டு லாரி போற ரோட்டுல கிளம்பிட்டீங்க. கல்யாணமாகி மூணு மாசம். நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாள். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் வரலாறு வேறு, குடும்பம் வேறு.

ஆகவே முடிவெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தங்கள் தங்கையைக் கட்சியிலிருந்து நீக்கும் தீர்மானத்தை நானே கொண்டுவரப்போகிறேன். நான்காம் அத்தியாயத்திலும் உறவுமுறை குறிப்பிடாமல் 'வீட்டுக்குள்ளிருந்த ஒருவர்' என்று எழுதிவிடுவேன். மூத்தவர் என்ற முறையில் தாங்களும் ஒரு வார்த்தை கண்டித்து எழுதவேண்டும். வாரந்தோறும் தாங்களும் அவளும் போனில் அரை மணி பேசுகிறீர்கள். என்ன பேசுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. குறித்து மட்டும் வைத்திருக்கிறேன்.

அங்கே பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. பங்கு பிரித்துத் தாங்களே கொடுத்துவிடவும். எல்லாரும் நீடு வாழ்க, ரகசியம் காக்க.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்,
செயலாளர்

பின்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முடிந்தது. தீர்மானத்தைப் படித்தேன். "அம்மா உறுப்பினரே இல்லையேய்யா, எங்கிருந்து நீக்குறது?" என்றார் டாக்டர். விதி விதிதான். நீக்குவதற்காக முதலில் சேர்ப்போம் என்று, கூடவே வந்திருந்த அவளிடம் நானே படிவத்தை நீட்டினேன். அவள் தனியாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லி, வாசலில் நின்ற நம்மவர்கள் முப்பத்தேழு பேரையும் உள்ளே கூப்பிட்டாள். படிவம் தீர்ந்துபோய்ப் பின்பக்கத்திலும் எழுத வேண்டியதாயிற்று. பிறகு வாக்கெடுப்பு. நீக்கும் தீர்மானம் தோற்றது. அடுத்ததாகச் செயலாளர் தேர்தல் என்றார்கள். தங்கள் தங்கையின் பெயரை முன்மொழிந்தவர் தையல்காரர். வழிமொழிந்தவன் நான். ஏன் கை தூக்கினேன் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் மிரட்டவில்லை. கண்டித்து எழுத வேண்டாம், வாழ்த்தி எழுதவும். மேலே உள்ளது எதுவும் கட்சியின் கருத்து அல்ல என்று இங்கே சேர்க்கும்படி புதிய செயலாளர் பின்னால் நின்று சொல்கிறார். 'ஒற்றர்' என்ற சொல்லை நான் எழுத்துப் பிழையோடு எழுதியிருந்த இரண்டு இடத்தையும் அவரே திருத்திவிட்டார்.