கரடிக்கறியும் ஒரு வாக்குமூலமும்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972. அதன் முதல் அட்டவணையில் கரடி இருக்கிறது. கரடியை வேட்டையாடுவது குற்றம்; அதன் இறைச்சியை வைத்திருப்பது குற்றம். ஆனால் கரடிக்கறி தின்றதாகப் பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்வது குற்றம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் இல்லை. இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். வருவாய்த் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். கூடாது என்று எழுத்தில் இருக்கும் எதையும் செய்ததில்லை.

என் மகன் நாராயணன் சிறுவனாக இருந்தபோது நான் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டது ஞாயிறு மதியம் மட்டும்தான். மற்ற நாட்களில் அவன் எழுவதற்கு முன்னால் கிளம்பிவிடுவேன், அவன் தூங்கிய பிறகு திரும்புவேன். (வருடாந்தரக் கிராமக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி சமயத்தில் ஞாயிறும் கிடையாது.) வாரத்துக்கு ஒரு வேளை மட்டும் கிடைக்கிற அப்பாவிடம் ஏதாவது விசேஷம் இருக்க வேண்டாமா? ஒரு ஞாயிறு, ஆட்டுக்கறிக் குழம்பைப் பிசைந்துகொண்டே, "இதெல்லாம் ஒரு கறியாலே? நான் கரடிக்கறி தின்னவன்லா" என்றேன். பையன் உருண்டையை வாயில் வைத்தபடி மெல்லவும் மறந்து என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஆசைப்பட்டுத்தான் மேற்கொண்டு அளந்தேன்.

பொய்யிலும் சட்டத்தை மீறவில்லை. சம்பவம் நடந்தது என் பன்னிரண்டாவது வயதில், அதாவது சட்டம் வருவதற்கு முன்னால், சிவகிரி மாமா வீட்டில் என்று முன்தேதியிட்டேன். சமையலும் முறைப்படியே. மலையடிவாரத்தில் இலுப்பைப்பூவும் தேனும் தின்று கொழுத்த கரடி. தோலுக்கடியில் நாலு விரற்கடை கொழுப்பு. அதை முதலில் உருக்கி எடுத்துக்கொள்ள வேண்டும், எண்ணெயே தொடக்கூடாது. அந்த நெய்யில் சின்ன உள்ளியை வதக்கி, எலுமிச்சைச் சாற்றில் ஊறிய கறியைப் போட்டு, மிளகை நசுக்கிப் போட்டு, காலையில் விறகடுப்பில் ஏற்றினால் சாயங்காலம்தான் இறக்க வேண்டும். முதல் வாயில் புகை தெரியும். மெல்ல மெல்ல இலுப்பைப்பூவின் இனிப்பு வரும். கொழுப்பு உதட்டில் ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை போகாது.

வாராவாரம் கேட்டான். வாராவாரம் சொன்னேன். சொல்லிச் சொல்லி, இல்லாத ருசிக்கு நானே ஏங்க ஆரம்பித்தேன். அவன் படித்து முடித்து ஜப்பானுக்கு வேலைக்குப் போன பிறகு, ஞாயிறு மதியம் என் மனைவி கோமதி பரிமாறும் கறியை வாயில் வைத்தால், 'அந்த இனிப்பு இல்லையே' என்று நிஜமாகவே மனம் கனத்துப்போகும். அது எதற்கான ஏக்கம் என்று பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை.

நான்கு வருடம் கழித்து, பன்னிரண்டு நாள் விடுப்பில் சங்கரன்கோவில் வந்தான். பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு தகர டப்பா. மேலே கரடி படம்.

"ப்பா, கரடிக்கறி. அங்கன ஒரு ஊருல டப்பால அடைச்சு விக்கான். ஒரு மாசமாத் தேடி வாங்குனேன். நாம ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். ருசி அதேதானான்னு நீங்கதான் சொல்லணும்."

அதேதான் என்று சொல்லலாம். ஆனால் ஞாயிறுதோறும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு வளர்ந்தவன் அவன். முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவான். ஆபத்துக் காலத்தில் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் மனு எழுதுவேன்.

"இதை இப்பம் திறக்கப்படாதுலே. வனத்துறைட்ட தெளிவுரை கேட்டு எழுதுதேன். பதில் வரட்டும்."

"திங்குததுக்கு மனுவா?" என்றாள் கோமதி. "பிள்ள பன்னெண்டு நாளுதான இருப்பான்."

கணக்கே அதுதான். என் அனுபவத்தில், தெளிவுரை கேட்ட மனுவுக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் போனதில்லை. (நான் அனுப்பியதில்லை.) அவன் ஊருக்குப் போய்விடுவான், என் மானம் மிஞ்சும்.

மனுவை எழுதும்போது நாராயணன் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, 'மனுதாரரின் முன் அனுபவம்' எனத் தலைப்பிட்டு, சட்டம் வருமுன் சிவகிரியில் கரடி இறைச்சி உண்டிருக்கிறேன் என்று ஒரு பத்தியைச் சேர்த்தேன். மூன்று நகல். பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்.

நான்காம் நாள் காலை வாசலில் ஜீப் வந்து நின்றது.

"என்ன அண்ணாச்சி, வீட்டுக்குள்ள கரடி புகுந்துட்டாமே?" என்றார் எதிர்வீட்டு ஜவுளிக்கடைக்காரர், கடைக்குப் போவதையும் ஒத்திவைத்துவிட்டு.

வந்த வனவர் இளைஞர், மரியாதையானவர். வெளிநாட்டு இறைச்சியை இப்படிக் கொண்டுவரவே கூடாது என்று மகனிடம் சொன்னார். டப்பாவைக் கைப்பற்றி, நாங்களாகவே எழுத்தில் தெரிவித்ததால் எச்சரிக்கையோடு விடுவதாகச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். டப்பா ஒழிந்தது. அப்போதுதான் அவர் மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

"முன் அனுபவம்னு போட்டிருக்கியளே சார். அந்தச் சிவகிரி மாமா பேரு என்ன?"

"அவரு காலமாயிட்டாரு."

"பரவால்ல, பேரைச் சொல்லுங்க. துப்பாக்கி லைசென்சு பழைய ரிக்கார்டுல இருக்கும். பாத்துக்கிடலாம்."

கோமதி காப்பியோடு வந்தாள். "சிவகிரியில நமக்கு ஏது மாமா? ஒங்க அம்மைகூடப் பொறந்ததுல ஆம்பளையே கிடையாதே."

பொய்த் தகவல் கொடுத்த மனுதாரரிடம் என்ன வாங்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாக்குமூலம் எழுத நானே தாளை எடுத்தேன். 'நான் என் வாழ்நாளில் கரடி இறைச்சியை உண்டதில்லை. கரடியை நேரில் பார்த்ததுமில்லை. சிவகிரியில் எனக்கு மாமா இல்லை. என் மகன் என்னோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதற்காக மேற்படி விவரங்களைக் கற்பனையாகக் கூறினேன்.'

"வாசிச்சுக் காட்டணும்லா சார். ஒங்களுக்குத் தெரியாததா?" என்று வனவர் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். பிறகு, "ரெண்டு சாட்சிக் கையெழுத்து வேணும்" என்றார்.

என்னை விட்டால் வீட்டில் இருந்தது இரண்டே பேர். கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு போட்டாள். நாராயணன் பேனாவை வாங்கி, சின்ன வயதில் நான் கற்றுக்கொடுத்தபடி பெயருக்குக் கீழே தேதியையும் போட்டான்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். ரயில் நிலையத்தில்தான் கேட்டான்.

"அப்பம் வேற எதெல்லாம்ப்பா சும்மா சொன்னது?"

பட்டியல் தர நேரமில்லை. ரயில் வந்துவிட்டது.

எங்கள் குடும்பத்தில் சிவகிரி மாமா இப்போது பெரிய மனிதர். யாராவது கொஞ்சம் கூட்டிப் பேசினால், "சிவகிரி மாமா சொன்னாரோ?" என்கிறார்கள். கோமதியின் தம்பி மகள் கல்யாணத்தில், "சிவகிரி மாமாவுக்குப் பத்திரிகை வச்சாச்சா?" என்று மாப்பிள்ளை வீட்டாரே கேட்டார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அவன் ஊருக்குப் போன அந்த வாரமே அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். 'பொருள்: கரடிக்கறியின் உண்மையான ருசி – அறிக்கை கோருதல் – தொடர்பாக. அங்கே ஒரு டப்பா வாங்கிச் சாப்பிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. நான் சொன்னது எவ்வளவு தூரம் தப்பு என்று தெரிய வேண்டும்.' கீழே, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு வரி: 'வாரத்துக்கு ஒரு வேளைதான் நீ எனக்குக் கிடைத்தாய்.'

தீபாவளி போனது. பொங்கல் போனது. வாரம் ஒருமுறை அம்மாவிடம் போனில் பேசினான். என்னிடம் உடம்பை மட்டும் விசாரித்தான். மாவட்டம் முழுக்க நினைவூட்டுக் கடிதம் அனுப்பிக் களைத்த எனக்கு, பெற்ற பிள்ளைக்கு ஒன்று அனுப்பத் தைரியம் வரவில்லை.

கடைசியில் வந்தது, காகிதத்தில், அவன் கையெழுத்தில். 'பொருள்: மேற்படி. கறி கறுப்பா இருக்கு. நார் நாராப் பிரியுது. கொஞ்சம் இரும்பு வாடை. இனிப்பு கிடையாது. ரெண்டு வாய்க்கு மேல எனக்கு இறங்கல. நீங்க சொன்ன கறிதான்ப்பா நல்லா இருக்கும். அதை ஆட்டுல வைக்க முடியுமான்னு பாத்து வைங்க. ஐப்பசியில வாரேன்.'

கோமதி இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டாம் தரம் எனக்குச் சரியாக வாசிக்க வரவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உறையின் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்தேன்: எங்கள் ஊர்க் கோவிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின திங்கட்கிழமை.