மாமனாருக்கு நான் கூட்டிய இரண்டு வயது

கல்யாணமான முதல் வருடமே மனைவியின் பிறந்தநாளை மறந்தவன், அடுத்த வருடம் எதையாவது நம்பியே ஆக வேண்டும். நான் நம்பியது கணினியில் ஒரு நாட்காட்டிக் கோப்பை. படம், வண்ணம், மணியோசை எதுவும் கிடையாது, வெறும் எழுத்து. ஆளுக்கு ஒரு வரி. பிறந்த வருடம், அதை ஒட்டி ஓர் உடுக்குறி (நட்சத்திரம் மாதிரி இருக்குமே, அது), பிறகு மாதம், தேதி, பெயர். உடுக்குறி போட்டால் அந்த நாள் வருடா வருடம் தானாக வந்து நிற்கும். வயதையும் கழித்துச் சொல்லும். (போடாவிட்டால் ஆள் பிறந்த அன்றோடு சரி.)

சொந்தக்காரர்களிடம் தேதி கேட்டேன். ஆதார் அட்டையை நீட்டினார்கள். அதன்படி பெரியவர்களில் பாதிப்பேர் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில்தான் பிறந்திருந்தார்கள். என் மாமனாரும் ஜூன் ஐந்து. ஆனால் அவரைவிட அவர் தம்பி ஐந்து மாதம் மூத்தவராக இருந்தார். மாமியாரிடம் கேட்டேன்.

"அட்டையில கெடக்குறதை விடுங்க மாப்ள. ஒங்க மாமாவுக்கு வர்ற ஆனியில அறுவது முடியுது. எனக்குத் தெரியாதா?"

அத்தையிடமிருந்து வருடத்தையும் ஆதாரிலிருந்து மாதத்தையும் தேதியையும் எடுத்து, நடுவில் உடுக்குறியைப் போட்டேன். இரண்டு சாட்சியிடமும் பாதிப் பாதி வாங்கினால் முழு உண்மை கிடைக்கும் என்பது அன்றைய என் சித்தாந்தம்.

பதினைந்து நாள் முன்பே கோப்பு சொல்லிவிட்டது: மாமா பிறந்தநாள், 60.

"கயல், ஒங்கப்பாவுக்கு ஆபீஸ்லயே சர்ப்ரைஸ் குடுக்குறோம்" என்றேன் மனைவியிடம்.

"ஏங்க, அவருக்கு இதெல்லாம் புடிக்காது. வீட்டோட ஒரு பாயசம் வச்சாப் போதும்."

"பாயசம் வைக்க மாப்பிள்ளை எதுக்கு?"

மாமாவுக்குப் புதுக்கோட்டையில் அரசு வேலை. அலுவலக வாசல் வேப்பமரத்தில் ஆறடிக்கு ஃப்ளெக்ஸ் கட்டினேன். 'அறுபது ஆண்டு நிறைவு காணும் எங்கள் மாமாவே, வாழ்க!' மாமா கோட்டு சூட்டில் இருந்தார் (தலை மட்டும் அவருடையது). கீழே கைகூப்பி நான், அவரைவிடக் கொஞ்சம் பெரிதாக. மேசையில் கேக், அதன்மேல் ஆறு, பூஜ்யம் என்று இரண்டு மெழுகுவர்த்தி.

மாமா வெளியே வந்தார். படித்தார். அவர் முகத்தில் தெரிந்ததை ஆனந்தக் கண்ணீருக்கு முந்தைய நிலை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னாலேயே கண்காணிப்பாளர் வந்தார். "அறுவதா? அப்ப இந்த மாசக் கடைசில ரிட்டையர்மென்ட்டுல்ல? லிஸ்ட்ல ஒங்க பேரே இல்லையே! ரெஜிஸ்டர்ல இன்னும் ரெண்டு வருசம் சர்வீஸ் காட்டுதே. எது சார் சரி?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவின் இரண்டு வருட வேலையும், அதை நம்பிக் கல்லூரியில் சேர்ந்திருந்த மச்சினனின் படிப்பும் வேப்பமரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

மாமா என்னைப் பார்த்தார். கெஞ்சலும் கொலைவெறியும் சம அளவில் இருந்த பார்வை.

"மாப்ளைக்குக் கணக்கு சுத்தமா வராது சார்" என்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பிழைப்பதே கணக்கு சொல்லிக்கொடுத்து. அந்தக் கண்காணிப்பாளரின் மகள் என்னிடம்தான் பத்தாம் வகுப்பு டியூஷன்.

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்படியா சார்?"

"ஆமா சார். கழித்தல்ல கொஞ்சம் வீக்கு. கடன் வாங்குற எடத்துல தப்பு விட்டுருவேன்."

"நீங்க... பத்தாவதுக்கு..."

"அதுல கழித்தல் ரொம்ப வராது சார்."

மெழுகுவர்த்திகளைப் பிடுங்கி நானே சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது வண்டியின் பின்னாலிருந்து மாமா விளக்கம் சொன்னார். "என்னைய ஏழு வயசுலதான் பள்ளிக்கூடத்துல சேத்தாங்க. தலைக்கு மேல கையைச் சுத்தி காதைத் தொடச் சொன்னாரு வாத்தியாரு. எனக்கு எட்டல. சரி, அஞ்சுன்னு போட்டுக்கிட்டாரு. அதுக்கு நான் என்ன பண்றது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்ல மாப்ள?"

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு..."

"இருந்துச்சு."

மாமா மிச்ச இரண்டு வருடத்தையும் முடித்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். கண்காணிப்பாளரின் மகள் மறுவாரமே வேறு டியூஷனுக்குப் போய்விட்டாள். கூடவே அவள் தோழிகள் நாலு பேரும். (ஐந்தும் இருக்கலாம். நான் எண்ணிச் சொன்னால் இப்போது யாரும் ஏற்பதில்லை.)

வீட்டில் எந்த விசேஷம் வந்தாலும், பந்திக்கு எத்தனை இலை போடுவது என்று யாராவது கேட்டுக்கொண்டு வருவார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அத்தை குரல் வரும்:

"அவரைக் கேக்காதீங்க. எலையில ரெண்டு கூடிப்போயிரும்!"

எல்லோரும் சிரிப்பார்கள். மாமா மட்டும் சிரிக்காமல் என்னையே பார்ப்பார், நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று. நான் எப்போதும்போல் தலையைச் சொறிந்து, "ஆமா அத்தை, எனக்கு வராது" என்பேன்.