மாமாவுக்குப் பின்பக்கம் காட்டாத லோங் ஸ்னாப்பர்

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரேயொரு வேலைதான். குனிஞ்சு நிண்டு, காலுக்கு நடுவால பந்தைப் பின்னுக்கு எறியிறது.

சிரிக்காதேங்கோ. அமெரிக்கன் ஃபுட்போலில இதுக்கு லோங் ஸ்னாப்பர் எண்டு பேர். பதினைஞ்சு கஜம் பின்னால நிக்கிறவன்ர கையில பந்து போய் விழவேணும், அவன் அதை உதைப்பான். அமெரிக்காவில இதை மட்டுமே செய்து நாற்பது வயது வரைக்கும் சம்பளம் எடுக்கிற ஆக்கள் இருக்கினம். ஒழுங்கா எறிஞ்சா அவையின்ர பேர் ஒருத்தருக்கும் தெரியவராது.

பெரிசா ஓடவும் தேவையில்லை, ஆரும் கவனிக்கவும் மாட்டினம். எனக்கெண்டே செய்த வேலை. நாற்பத்திமூண்டு வயதில லண்டன் லூயிஷாமில ஒரு சின்னக் கிளப்பில சேர்ந்திட்டன். இப்ப அது இல்லாட்டி எனக்கு வாரமே ஓடாது.

மனிசி கௌரிக்குத்தான் பிடிக்கேல்லை. கடைசியாத் தீர்ப்புச் சொன்னா.

"அப்பா வந்து பார்க்கட்டும். அவர் ஓம் எண்டா போங்கோ. இல்லாட்டி இதோட விடுங்கோ."

மாமா ஊரில பள்ளிக்கூட அதிபரா இருந்தவர். அவர் உள்ள வந்தா நான் இண்டைக்கும் கதிரையால எழும்புவன். அவருக்கு முன்னால கால்மேல கால் போட்டதே இல்லை.

அடுத்த ஞாயிறு கௌரியோட வந்தார், ஒரு கையில மடக்குக் கதிரை, மற்றக் கையில தேத்தண்ணிக் கோப்பை. எல்லாரும் மைதானத்துக்குப் பக்கத்தில நிக்க, மாமா வெயில் விழுற இடமாப் பார்த்து, எங்கட கோலுக்கு நேர் பின்னால கதிரையை விரிச்சார்.

முதல் தரம் குனிஞ்சன். காலுக்கு நடுவால பார்த்தா, உதைக்கிறவன் தலைகீழா நிக்கிறான். அவனுக்குப் பின்னால மாமா தலைகீழா இருக்கிறார். இந்த இறுக்கமான காற்சட்டையோட மாமாவுக்கு நேரா எதைக் காட்டிக்கொண்டு நிக்கிறன் எண்டு அப்பதான் விளங்கிச்சு.

மாமா மரியாதையா வானத்தைப் பார்த்தார்.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. கொஞ்சம் ஒரு பக்கமாச் சரிஞ்சன். பந்துக்கு மாமா ஆர், மாமி ஆர் எண்டு தெரியுமோ? நான் சரிஞ்ச பக்கமே போச்சு. கோச் வந்து என்ன நடந்தது எண்டு கேட்டார். கை வழுக்கிட்டுது எண்டன். இன்னொருக்கா வழுக்கினா வேற ஆளைப் பார்க்கவேண்டி வரும் எண்டார்.

மாமா நல்ல மனிசன். நான் படுற வெக்கத்தைப் பார்த்திட்டு, எனக்கு உதவியா இருக்கட்டும் எண்டு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கிப்போய் இருந்திருக்கிறார். நான் சரிஞ்ச அதே பக்கம்.

எனக்கு அது தெரியாது. ரெண்டாம் தரம் குனிஞ்ச உடனே கண்ணை மூடினன். கண்ணை மூடினாலும் மரியாதை விடேல்லை, உடம்பு தன்ர பாட்டுக்கு அந்தப் பக்கம் சரிஞ்சுது. எறிஞ்சன்.

கண்ணைத் திறந்தா பந்து மாமாவின்ர மடியில. தேத்தண்ணி அவரின்ர கோட்டில. மாமா எழும்பி, பொக்கற்றில இருந்த லேஞ்சியை எடுத்துப் பந்தைத் துடைச்சு, ரெண்டு கையாலயும் ரெஃப்ரியிட்டக் குடுத்தார்.

பந்து எங்கட கோலுக்குப் பின்னால எல்லை தாண்டிப் போனா எதிர்ப்பக்கத்துக்கு ரெண்டு புள்ளி. நாங்கள் தோத்தது ஒரு புள்ளியால.

திரும்பி வரேக்க காருக்குள்ள கௌரி என்ன முடிவு எண்டு அப்பாவைக் கேட்டா.

"பிள்ளை, விளையாட்டு எனக்கு விளங்கேல்லை. ஆனா எனக்குப் பின்பக்கம் காட்டக்கூடாதெண்டு தம்பி பட்ட பாடு விளங்கினது. ஒவ்வொரு ஞாயிறும் போகட்டும்."

எனக்குக் கண் கலங்கிப்போச்சு. நன்றி சொல்ல வாய் திறக்க, போன் அடிச்சுது.

கோச். இனி ஒரு ஞாயிறும் வரவேண்டாமாம்.