பந்தியில் கேட்ட கேள்வி

வாயை அடக்கத் தெரியாதவர்கள் மருந்தாளுநர் வேலைக்குப் போகக் கூடாது. நான் போனேன்.

தஞ்சாவூரில் ஓர் அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் கவுன்ட்டர் என்னுடையது. மாதம் ஒருமுறை வருபவர்களிடம் மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்து, "ஒரு நாளும் விடலையே?" என்று கேட்பேன். விடாமல் போட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும், துணைக்கும் பரவாது. சேர்ந்த அன்றே மேலதிகாரி ஒரு சட்டம் சொன்னார்: "வெளியில பாத்தா, அவங்களா பேசுற வரைக்கும் நீங்க யாரோ, அவங்க யாரோ." பலமாகத் தலையாட்டினேன்.

மூன்றாம் மாதமே ஒரத்தநாட்டில் அத்தை மகள் கல்யாணம். பந்தியில் சாம்பார் வாளியோடு வந்தவர், என் கவுன்ட்டருக்கு வருபவர். (எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "ஊர மாத்திடுங்க. சாம்பார் நல்லா இருந்துச்சுன்னு மட்டும் போடுங்க" என்றார். நன்றாகவே இருந்தது.)

தெரிந்த முகத்தைப் பார்த்ததும் என் வாய் தானாகக் கவுன்ட்டரைத் திறந்துவிட்டது.

"மாத்திரை ஒரு நாளும் விடலையே?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து இலையில் பெரியப்பா (ஊர் வம்புக்கெல்லாம் தலைமை அலுவலகம்) நிமிர்ந்தார்.

"என்ன மாத்திரை? யாருக்கு?"

விஷயம் தெரிந்தால் அந்த மனிதரை எந்தச் சமையல்காரரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார். சோற்றில் பரவாது என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் பந்தி எழுந்துவிடும்.

"உங்களத்தான் பெரியப்பா! பிரஷர் மாத்திரை!"

"எனக்கு ஏதும்மா பிரஷர்?"

"அது தெரியாம இருக்கறதுதான் ஆபத்து!"

ஒருவரை மட்டும் கேட்டால் சந்தேகம் வருமே! எழுந்துவிட்டேன். எச்சில் கையோடு இலை இலையாக நின்று, "சுகர் மாத்திரை போட்டாச்சா? தைராய்டு?" என்று விசாரித்தேன். கடைசி இலையில் மாப்பிள்ளையின் அம்மா.

"பொண்ணு வீட்டுல எங்கள நோயாளிங்கிறாங்க!" என்று எழுந்தே விட்டார். அவரை உட்கார வைப்பதற்குள் பாயசம் தீர்ந்துவிட்டது.

சாம்பார்க்காரர் மட்டும் எதிர்வரிசையில் நிம்மதியாகப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவர் வந்ததும், "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"உசிரே போயிடுச்சும்மா" என்றவர், சிரித்துவிட்டார். "ஆனா ஒருத்தன மறைக்க ஒரு பந்தியவே நோயாளி ஆக்குனீங்க பாருங்க!"

இன்றும் நான் பந்திக்கு வந்தால் பெரியப்பா எழுந்து நின்று, "போட்டுட்டேன் தாயே!" என்பார். கூடமே சிரிக்கும். "அன்னிக்கு உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கணவர் கேட்காத கல்யாணம் இல்லை. (நான் எழுதுவதை அவர் படிப்பதில்லை.)

பித்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.