மோகனம் கேட்ட பூண்டு

என் குரலுக்குச் செடி கொடியை வளர்க்கும் சக்தி உண்டு என்று மனதார நம்பியவள் நான். சங்கீதம் படிக்கிறவர்களுக்கு இப்படி ஏதாவது ஒரு வியாதி வரும். சிலருக்கு முதல் கச்சேரியோடு குணமாகிவிடும். எனக்குக் குணமாக ஒரு பூண்டு மகசூல் போக வேண்டியிருந்தது.

மதுரையில் ஒரு கல்லூரியில் இசை படித்துக்கொண்டிருந்தேன். ஹானர்ஸ் பட்டம் வேண்டுமென்றால் கடைசி வருடம் சொந்தமாக ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். மற்றவர்கள் ஒழுங்காகக் கீர்த்தனைகளை எடுத்துக்கொண்டார்கள். நான் மட்டும் 'மோகன ராகமும் பூண்டின் வளர்ச்சியும்' என்று எழுதிக் கொடுத்தேன். (பூண்டுக்குப் பேர்போன கொடைக்கானல் மலைப் பூம்பாறைக்காரிக்கு வேறென்ன தோன்றும்?) காரணம் அப்பா. நர்சிங்கில் சேரச் சொன்னவர். "பாட்டப் படிச்சு என்னம்மா செய்யப் போற?" என்று ஒருமுறை கேட்டதோடு சரி, பிறகு என் படிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவருடைய தோட்டத்தில், அவருடைய பயிரிலேயே பதில் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு வெறி.

திட்டம் எளிது. மேல்கோடியில் ஒரு பாத்தி, அதற்கு நான் பாடிய மோகனம் தினமும் காலையில் அரை மணி நேரம். கீழ்க்கோடியில் ஒரு பாத்தி, அதற்கு ஒன்றும் கிடையாது. நான் ஹாஸ்டலில் இருந்ததால், பாடிப் பதிவு செய்ததையும் ஒரு ஸ்பீக்கரையும் அப்பாவிடம் கொடுத்து, "மத்ததெல்லாம் எப்பவும் போல செய்ங்கப்பா" என்றேன். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம்.

அறுவடைக்கு, என் ப்ராஜெக்ட்டுக்கு மார்க் போடும் மேடம் நேரில் வந்தார். மலைப்பாதை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். அந்த முகத்தோடுதான் என் ஆராய்ச்சியைப் பார்த்தார். முதலில் பாட்டே கேட்காத கீழ்ப்பாத்தி. அப்பா ஒரு செடியைப் பிடுங்கினார். எலுமிச்சை அளவுக்குப் பூண்டு.

மேல்பாத்தியில் பூண்டையே காணோம். முழங்கால் உயரத்துக்குக் களை. விலக்கிப் பிடுங்கியதில் வந்தது நெல்லிக்காய் அளவுகூட இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "களைக்கு மோகனம் ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பதிவுல சுருதி கொஞ்சம் கம்மி மேடம், அதனாலகூட இருக்கலாம்" என்றேன். (என் படிப்புக்கு நானே குழி தோண்டிய இடம் இது.)

அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"பாப்பா மேல தப்பில்லீங்க. கீழ்ப்பாத்தி பாவம், ஒரு பாட்டுகூட கேக்காம சும்மா கெடக்கேன்னு மனசு கேக்கல. ரெண்டு கூடை ஆட்டு எரு கூடப் போட்டுட்டேன்."

"சரி, மேல ஏன் களை எடுக்கல?" என்றார் மேடம்.

"வெள்ளனே களை எடுக்குற நேரத்துலதேன் பாட்டுப் போடச் சொல்லியிருந்துச்சு. பாப்பா பாடுறப்ப எப்படிங்க களை பறிக்க? வரப்புல உக்காந்து கேட்டுட்டு, வேற சோலியப் பாக்கப் போயிருவேன்."

"தினமுமா?"

"தெனமுந்தேங்க. பாதியில ஒரு எடத்துல இருமும், தண்ணி குடிக்கும். அதுக்கப்புறந்தேன் கொரல் நல்லாருக்கும்."

அந்த இருமலை வெட்டியெடுக்க நான் மறந்தே போயிருந்தேன். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அவமானத்தில் அழுகிறேன் என்று மேடம் தோளைத் தட்டிக் கொடுத்தார். பாதி அவமானம்தான். மீதி சந்தோஷம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர், நாலு மாதம் ஒருநாள் விடாமல் உட்கார்ந்து என் பாட்டைக் கேட்டிருக்கிறார்.

ப்ராஜெக்ட் தள்ளுபடி. ஒரே மாதத்தில் அடித்துப் பிடித்து வேறொன்று எழுதி, ஹானர்ஸை மயிரிழையில் வாங்கினேன். மேடம் ஊருக்குப் போகும்போது இரண்டு கிலோ பூண்டு கேட்டு வாங்கிக்கொண்டார், கீழ்ப்பாத்தியிலிருந்து மட்டும்.

இப்போது கொடைக்கானலில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பயிர் சுணங்கினாலும், "அவ வந்து பாடினாளா?" என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போய் நான் பாட உட்கார்ந்தால், அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்.

"இரு பாப்பா, கீழ்ப்பாத்திக்கு எருப் போட்டுட்டு வந்துர்றேன்" என்பார். இதுவரை ஒருநாளும் எழுந்து போனதில்லை.