வளைகாப்பில் கொட்டிய கெர்னல்

படித்ததையெல்லாம் வீட்டில் செய்து காட்டத் துடிப்பவனைச் சொந்தக்காரர்கள் பக்கத்தில் விடக்கூடாது. நான் அப்படிப்பட்டவன்தான். (இப்போது பல்புகூட மாற்றுவதில்லை.)

குரோம்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்டின் தண்ணீர் மோட்டாரைத் தானாக இயக்க ஒரு கருவி செய்தேன். அதற்குள் ஓட ஒரு குட்டி கெர்னலையும், அதாவது கருவியை ஆளும் அடிப்படைப் புரோகிராமையும், நானே எழுதினேன். பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். அந்த வாரமே மொட்டை மாடியில் அக்காவுக்கு வளைகாப்பு.

"தண்ணி பிரச்சனை எதுவும் வராதுல்லடா?" என்றாள் அக்கா.

"எல்லாம் கெர்னல் பாத்துக்கும்க்கா."

கெர்னல் கண்விழித்ததும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புரோகிராம் எண்களைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு மாறிகள் என்று பெயர். ஆரம்ப மதிப்பு கொடுத்த மாறிகளுக்கு அந்த மதிப்பை மெமரியில் எழுத வேண்டும். கொடுக்காதவற்றின் இடத்தைத் துடைத்துச் சைபராக்க வேண்டும். இரண்டாவதை நான் எழுதவே இல்லை. மெமரி தானாகவே காலியாக இருக்கும் என்று நம்பிய மேதை நான். 'தொட்டியைப் பார்க்காமல் ஓட்டு' என்று ஒரு மாறி வைத்திருந்தேன். சைபர் என்றால் மோட்டார் தொட்டியைப் பார்த்து ஓடும், நிரம்பியதும் நிற்கும். வேறெந்த எண் இருந்தாலும் பாராமல் ஓடும். என் மேசையில் புரோகிராமை ஏற்றும் கருவியே மெமரியைத் துடைத்துத் தந்ததால் குட்டு வெளிப்படவில்லை.

அக்காவுக்கு வளையல் அடுக்கும்போது கரண்ட் போய் வந்தது. மெமரியில் ஏதோ குப்பை எண். மோட்டார் நிரம்பிய தொட்டியை மேலும் நிரப்பியது. தொட்டிக்கு நேர் கீழே பந்தல். அந்தத் துணிக்கும் ஒரு வளைகாப்பு நடத்தலாம்போல வயிறு தொங்கியது.

"டேய், மோட்டார ஆஃப் பண்ணுடா!" என்று அக்கா கணவர் கத்தினார்.

கீழே ஓடி ரீசெட்டை அழுத்தினேன். ரீசெட் மெமரியைத் துடைக்காது. துடைக்க வேண்டியவன் நான். அதே குப்பையோடு மோட்டார் மறுபடி உறுமியது. ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு மேலே வந்தால், பந்தல் கிழிந்து, பட்டுப்புடவையோடு அக்கா தொப்பலாக நின்றாள். அழுதுவிடுவாளோ என்று பயந்தேன். அழுதாள். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் அக்கா மாமியார்.

"ஸ்டார்ட் ஆகும்போது மெமரியத் தொடைக்க மறந்துட்டேன் அத்தை."

அவர் ஒரு பழந்துணியை என் கையில் திணித்தார். "அத அப்புறம் தொடைக்கலாம் தம்பி. இப்ப மாடியத் தொடைங்க."

அன்று வயிற்றிலிருந்தவள் இப்போது பள்ளிக்குப் போகிறாள். இந்தக் கதையைச் சொல்லித்தான் அவளுக்குச் சோறூட்டியிருக்கிறார்கள். போன வாரம், விருந்தாளிகள் நிறைந்த கூடத்தில் கணீரென்று கேட்டாள்:

"மாமா, நான் பொறக்கறதுக்கு முன்னாடியே என்னக் குளிப்பாட்டினது நீங்கதானாமே?"