மூன்றாம் குழியை மூட ஒரு கையெழுத்து

அன்புத் தங்கைக்கு, அண்ணன் ஆசியோடு எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீயும் மருமகளும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கைவிட்ட சுரங்க நிலத்தைச் சீர்செய்யத் திட்டம் போடுகிற குழுவில், அங்கே தண்ணீர் இறைத்த பழைய பம்புக்காரன் என்று என்னையும் சேர்த்துவிட்டார்கள். முதல் கூட்டத்தில் வரைபடத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டு இரண்டு மணி நேரம் பேசினோம், வாத்தியார் கேட்ட விளையாட்டு மைதானம் அவர் வீட்டுக் கூரைமேலேயே வந்தது, அதற்கு அவர் நன்றி வேறு சொன்னார். அடுத்த கூட்டத்தில் மேஜைமேல் விரித்தார்கள், நான் பாட்டுக்கு டீ கிளாஸை அதன்மேல் வைத்துவிட்டேன், எடுத்தால் வட்டமாகக் கறை. தாமதமாக வந்த எஞ்சினியர் அம்மா குனிந்து பார்த்து, "குளம் இங்கதானா? நல்ல இடமாச்சே" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கரை எவ்வளவு உயரம், மீன் விடலாமா, படகு விடலாமா என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கடைசியில் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

அந்த வட்டத்துக்குள்தான் மூன்றாம் குழி இருக்கிறது. குளம் வருவதென்றால் குழியின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைக்க வேண்டும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உள்ளே சரிந்த மண்ணிலிருந்து உன் வீட்டுக்காரரை, என் மாப்பிள்ளையை, எடுக்காமலே கம்பெனி நடையைக் கட்டிவிட்டதால், உன் கையெழுத்து இல்லாமல் தொடமாட்டார்களாம். தாள் இத்துடன் இருக்கிறது.

நீ இன்னும் அவர் போன் நம்பருக்கு மாதா மாதம் ரீசார்ஜ் போடுகிறாயாமே, மருமகள் சொல்லி அழுதாள். எனக்குக் கோபம்தான் வந்தது. என்னம்மா பிடிவாதம் இது? திறந்து வச்சா மட்டும் ஏறி வந்துடப் போறாரா? அங்கே இப்ப வெறும் முள்ளும் துருப்பிடிச்ச பம்பும்தான். போன மாசம் ஒரு ஆடு விழுந்தது, நாளைக்கு ஒரு குழந்தை விழும். தண்ணி நின்னா நாலு மரம் வளரும், ஜனங்க வந்து உட்காருவாங்க. அவருக்கும் கூட்டம்னா பிடிக்கும். மனசைக் கல்லாக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டு அனுப்பிடு.

மருமகளுக்கு என் ஆசிகள். வேளாவேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போடாதே. முழங்காலுக்கு நல்லது, நடக்கப் போகிறேன் என்று உன் அண்ணியிடம் சொல்லிவிட்டு, தினமும் காலையில் நான் அங்கேதான் போகிறேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, நான்தான்" என்று கூப்பிடுவேன். பதில் வருமா என்று கொஞ்ச நேரம் நிற்பேன். தாளைக் கிழித்துப் போட்டுவிடு, தபாலில் தொலைந்துவிட்டது என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.